மூன்று நாட்டுக் கவிஞர்களும் என் ஸ்பீக்கர்ஃபோனும்

நான் கெடுத்த கவிதைகளில் பெரும்பாலானவை நானே எழுதியவை. அவற்றைக் கெடுக்க எனக்கு முழு உரிமை உண்டு. ஆனால் ஒரே ஒரு சனிக்கிழமை மதியம் மெக்சிகோ நாட்டுக் கவிதை ஒன்றையும் எல் சல்வடோர் நாட்டுக் கவிதை ஒன்றையும் அரை மணி நேரத்துக்குள் கெடுத்திருக்கிறேன். அதுவும் அவை எழுதப்பட்ட ஸ்பானிஷ் சரியாகத் தெரியாமலே. தமிழ்க் கவிஞர்களில் வேறு யாரும் இந்தச் சாதனையைச் செய்ததாகத் தெரியவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. சுகர் லேண்டில் வீடு, ஹூஸ்டன் நடுவில் எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் வேலை. இரண்டாயிரம் பிறந்ததும் உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்குத் திரும்பிப் போய்விடும் என்று பயந்து, எங்களைப் போன்றவர்களை விமானம் விமானமாக இறக்கியிருந்தார்கள். இரண்டு இலக்க வருடத்தை நான்கு இலக்கமாக்குவதுதான் என் வேலை. ஊரில் அப்பா யார் கேட்டாலும் "பெரிய ஆராய்ச்சி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். முன்னால் ஒரு பத்தொன்பது சேர்ப்பதை அப்படியும் சொல்லலாம்.

எங்கள் கட்டிடத்தின் அடித்தளத்தில் வரைபடங்கள் அச்சிடும் அறை ஒன்று இருந்தது. பூமிக்கு அடியில் எண்ணெய் எங்கே இருக்கிறது என்று காட்டும் வரைபடங்களை, ஆள் உயரக் காகிதத்தில் உருட்டி உருட்டித் தள்ளும் இயந்திரங்கள். அவற்றைக் கட்டி மேய்த்தது ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர். குள்ளம். கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். கம்பெனியின் துணைத் தலைவரே வந்தாலும் வரிசையில் நிற்க வேண்டும்.

அந்த வருடம் எங்கள் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் கவியரங்கம். எனக்கும் ஐந்து நிமிடம் கொடுத்திருந்தார்கள். ஐந்து நிமிடக் கவிஞன் மேடையில் பத்து நிமிடம் தெரிய வேண்டுமென்றால் பின்னால் ஒரு பேனர் வேண்டும். மதிய இடைவேளையில் யாருக்கும் தெரியாமல் என் கவிதையை அந்த வரைபட இயந்திரத்துக்கு அனுப்பிவிட்டு நல்ல பிள்ளையாகக் கீழே இறங்கிப் போனேன். மூன்றடி அகலத்தில் என் கவிதை வெளியே வந்துகொண்டிருந்தது. பெண்மணி அதைக் கையில் பிடித்துக்கொண்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எந்த ஊர் எண்ணெய்க் கிணறு?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "கவிதை மேடம்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்களுமா?"

ஒரே டாக்டர் வீட்டு வாசலில் தற்செயலாகச் சந்தித்துக்கொண்டவர்கள் கேட்டுக்கொள்வார்களே, அந்த மாதிரி ஒரு "நீங்களுமா". அப்படித்தான் அவர் கவிஞர் என்று எனக்குத் தெரிந்தது. எங்கள் பேச்சு ஆங்கிலத்தில்தான். இங்கே தமிழில் எழுதுவது என் பொறுப்பு. நிஜத்தில் அவர் இதைவிடச் சுருக்கமாகத் திட்டுவார். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "இன்ஹெனியேரோ" என்பார். அவர் எல் சல்வடோர்க்காரர், அவர்கள் நாட்டில் இன்ஜினியரை மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவார்களாம். பத்தொன்பது சேர்க்கிறவனுக்கு இவ்வளவு மரியாதை தேவையா என்று கேட்டதற்கு, "மரியாதையை நாங்க வேலையைப் பார்த்துக் கொடுக்கிறதில்லை, சர்ட்டிஃபிகேட்டைப் பார்த்துக் கொடுக்கிறோம்" என்றார். எல் சல்வடோர் கோயம்புத்தூர் ஜில்லாவில்தான் இருக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது அன்றுதான்.

பேனர் சுருளை எனக்குக் கொடுத்ததற்குப் பிரதியாக அவர் கதையைக் கேட்கும் பொறுப்பும் எனக்கு வந்து சேர்ந்தது. இளவயதில் சான் சல்வடோரில் அவரும் ஒரு கவிஞரும் சேர்ந்து கையால் உருட்டும் ஸ்டென்சில் இயந்திரத்தில் ஒரு சிறுபத்திரிகை நடத்தியிருக்கிறார்கள். அப்போது உள்நாட்டுப் போர். பத்திரிகை நடத்தியவர்கள் வீட்டுக் கதவை ராத்திரியில் தட்ட ஆரம்பித்த சமயம், இவர் ஒரு பையோடு கிளம்பிவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை, கூடப் பத்திரிகை நடத்தியவரிடமும். அவர் அங்கேயே இருந்தார். போர் முடியும்வரை இருந்தார். முடிந்த பிறகும் இருந்தார். இவர் ஹூஸ்டனிலிருந்து எழுதிய கடிதம் ஒன்றுக்கும் பதில் போடாமல் இருந்தார்.

இப்போது அந்த மனிதர்தான் அவர்கள் நாட்டுக் கவிதைகள் எல்லாவற்றையும் ஒரே புத்தகமாகத் தொகுத்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் முதல் பெரியவர்கள் வரை இனிமேல் புரட்டப் போகிற புத்தகம். அதில் இடம் கிடைத்தால் இவர் அந்த நாட்டின் கவிஞர். கிடைக்காவிட்டால் வரைபட அறையில் வேலை செய்கிற, பொழுதுபோக்காக எழுதுகிற அம்மாள். தொகுப்பாசிரியரின் கொள்கையோ ஊரறிந்தது: "போனவங்க போனவங்கதான்."

"எனக்கும் அப்படி ஒருத்தர் இருக்கார் மேடம்" என்றேன் உற்சாகமாக. ஊரில் இருந்தபோது என் இரண்டு கவிதைகளைப் போட்ட சிறுபத்திரிகை ஆசிரியர், டெக்சஸ் வந்த பிறகு நான் அனுப்பியதையெல்லாம் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். கடைசியாக வந்த அஞ்சலட்டையில் ஒரே வரி, இங்கத்திய சிக்னல் இல்லாத நெடுஞ்சாலையைப் பற்றி: "ஃப்ரீவேயை விட்டு இறங்கி எழுதுங்கள்."

பெண்மணி யோசித்தார். "உங்க கவிதையில ஃப்ரீவே நிறைய வருமா?"

"ஏழு இடத்துல வரும்."

"அப்ப அவர் சொன்னது சரிதான்."

பெண்மணியின் நிலைமை வேறு. மெக்சிகோ சிட்டியில் இருந்த ஒரு கவிஞர், இருவருக்கும் நண்பர், தொகுப்பாசிரியரை நச்சரித்து ஒரு சம்மதம் வாங்கியிருந்தார். மூன்று ஊரிலும் மூன்று பேர், ஒரே டெலிபோனில். ஆளுக்கு ஒரு கவிதை படிக்க வேண்டும். கேட்ட பிறகு தொகுப்பாசிரியர் முடிவு சொல்வார். ஒரு தடவைதான், மறு பேச்சு கிடையாது. ஹூஸ்டனில் ஸ்பானிஷில் எழுதுகிற இன்னும் நாலைந்து பேரும் கூட இருந்து கேட்க ஆசைப்பட்டார்கள். அதற்கு நூலகத்தில் ஓர் அறை பிடித்தாயிற்று. அறையிலிருக்கும் எல்லோரும் கேட்கிற மாதிரி ஒரு ஃபோன்தான் வேண்டும்.

"என்கிட்ட இருக்கு" என்றேன். என் வாழ்க்கையில் இவ்வளவு வேகமாக நான் எந்த உதவிக்கும் முன்வந்ததில்லை.

அந்த ஸ்பீக்கர்ஃபோனைப் பற்றி ஒரு வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பொள்ளாச்சிக்குப் பேசுவதற்கென்றே வாங்கியது. இந்தப் பக்கம் நான், மனைவி, மகள். அந்தப் பக்கம் மாமியார், மாமனார், மச்சினன், எதற்கோ வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரர். எல்லோரும் ஒரே சமயத்தில் பேசுவோம். "என்னங்க சாப்டீங்க" என்று கேட்டால் "மழையே இல்லீங்க மாப்ளே" என்று பதில் வரும். பாதி வார்த்தை விழும், பாதி விழாது. யாரும் கவலைப்பட்டதில்லை. வருடக்கணக்காக அப்படித்தான் பேசினோம், குடும்பம் நன்றாகத்தான் நடந்தது.

ஃபோனின் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது மனைவி வந்து நின்றாள்.

"ஏனுங்க, நாளைக்கு அம்மாகிட்டப் பேசறதுக்குள்ள திருப்பிக் கொண்டாந்துருவீங்களா?"

"சாயந்திரமே வந்துரும். லைப்ரரில ஒரு கவிதை நிகழ்ச்சி. நான்தான் டெக்னிக்கல் இன்சார்ஜ்."

"நீங்க எதும் படிக்கறீங்களா?"

"இல்ல, சும்மா கேட்கத்தான்."

"சும்மாவா?" அவள் சிரித்த சிரிப்பில் பத்து வருடத் தாம்பத்தியம் இருந்தது. "நீங்க டிவில வெதர் ரிப்போர்ட் கேட்டாவே கூடக் கூட கமெண்ட் பண்ணுவீங்க."

"அப்பா ஆல்வேஸ் டாக்ஸ்" என்றாள் மகள், புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

இரண்டு எச்சரிக்கைகள், இரண்டு மொழிகளில். நான் இரண்டையும் மதிக்கவில்லை.

நூலக அறையில் ஐந்து பேர் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவரை மட்டும் சொன்னால் போதும்: பெரு நாட்டுக்காரர், பகலில் பல் டாக்டர், மற்ற நேரத்தில் காதல் கவிதை. ஸ்பானிஷில் நான் பலவீனம் என்று தெரிந்ததும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் மருத்துவமனைச் சீட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டார். நடப்பதை அவ்வப்போது ஆங்கிலத்தில் எழுதிக் காட்டுவதாக ஏற்பாடு. டாக்டர் கையெழுத்து என்பதால் ஸ்பானிஷே தேவலை என்று இடையில் தோன்றியது.

ஃபோனை மேசை நடுவில் வைத்தேன். மெக்சிகோ சிட்டிக்காரர் முதலில் வந்தார், அவர் சான் சல்வடோரை இணைத்தார். கரகரவென்று ஒரு முதிய குரல், ஒரு இருமல். பெண்மணி "நான்தான்" என்றார். "தெரியுது" என்றது குரல். பதினேழு வருடத்துக்குப் பிறகு இருவரும் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

மெக்சிகோ சிட்டிக்காரர் சூழ்நிலையைச் சமாளிக்க உடனே தன் கவிதையை ஆரம்பித்தார். நல்ல குரல். அலை அலையாக ஏறி இறங்கியது. நாலு வரி தாண்டியதும் குரல் அறுந்தது, திரும்ப வந்தது, மறுபடி அறுந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். டெக்னிக்கல் இன்சார்ஜ் எழுந்தான். ஒயரைப் பிடுங்கிச் செருகினேன். ஃபோனை மேசையின் ஜன்னல் பக்கத்து ஓரத்துக்கு நகர்த்தினேன், ஏதோ டெலிபோன் வெயில் காயும் பிராணி என்பதுபோல. "மெக்சிகோ எக்ஸ்சேஞ்சுல கோளாறு" என்று அறிவித்தேன். பெண்மணி கையைப் பிசைந்துகொண்டு என் முகத்தையே பார்த்தார்.

அடுத்தது சான் சல்வடோர். முதியவர் எழுத்தெண்ணிப் படித்தார். ஒவ்வொரு வரிக்கும் பின்னால் மூச்சு விட்டு, யோசித்து, அடுத்த வரி. அதுவும் அறுந்தது. இதில் ஒரு விசித்திரம், மிக நன்றாக இருந்த வரி ஒவ்வொன்றுக்கும் அடுத்த வரி விழவில்லை. "சாட்டிலைட்" என்றேன். "மேகம் கடக்கிறது." அந்த அறையில் இதை மறுக்க யாருக்கும் படிப்பு போதாது என்ற நம்பிக்கை எனக்கு.

பெண்மணி மேசையைச் சுற்றி வந்து என் எதிரில் நின்றார். தணிந்த குரலில் சொன்னார்: "இன்ஹெனியேரோ, நீங்க 'ம்' சொல்லும்போதெல்லாம் அவர் காணாமப் போறார்."

அதைக் கேட்டும் எனக்கு முதலில் வந்தது "ம்?" தான்.

அப்புறம் புரிந்தது. அந்த மாதிரி ஃபோனில் ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் பேச முடியும். இந்தப் பக்கம் சத்தம் எழுந்தால் அந்தப் பக்கத்தை அது அடைத்துவிடும். நானோ கவியரங்கத்தில் வளர்ந்தவன். எங்கள் ஊரில் கவிதையைக் கேட்பது என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது அல்ல. ஒரு வரிக்கு "ம்", நல்ல வரிக்கு "ஆஹா", மிக நல்ல வரிக்குத் தொடையில் ஒரு தட்டு. அர்த்தம் தெரிய வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை, குரல் ஏறி நிற்கும் இடம் தெரிந்தால் போதும். அது தெரிகிற காது எனக்கு. கன கச்சிதமாக, ஒரு நல்ல வரி முடிகிற இடத்தில் "ஆஹா" போட்டு, அடுத்த வரியைக் கொன்றிருக்கிறேன். கோளாறு மெக்சிகோவிலும் இல்லை, மேகத்திலும் இல்லை. தன் ரசனையே காரணம் என்று கண்டுபிடித்த டெலிபோன் மெக்கானிக் உலகத்தில் நான் ஒருவன்தான்.

பொள்ளாச்சிப் பேச்சில் இத்தனை வருடமாக இது ஏன் தெரியவில்லை என்று கேட்கலாம். அங்கே யாராவது யாரையாவது கேட்டிருந்தால்தானே தெரியும்.

மன்னிப்புக் கேட்டேன். முதியவரிடம் காரணத்தைச் சொல்லாமல், மறுபடி முதலிலிருந்து படிக்கச் சொன்னார் பெண்மணி. அவர் முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார். பல் டாக்டர் என் தோளில் கை வைத்து, "இனிமேல் வாயை மூடிக்கிட்டு இருங்க" என்றார். ஒரு பல் டாக்டர் நோயாளியைப் பார்த்து வாயை மூடச் சொன்னது சரித்திரத்தில் முதல் தடவையாக இருக்கும்.

கதவோரத்து நாற்காலிக்குப் போய் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். வாய் மூடிக் கவிதை கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தவனுக்குத்தான் தெரியும். நல்ல வரி வந்தால் நெஞ்சுக்குள் ஏதோ முட்டிக்கொண்டு வெளியே வழி தேடுகிறது. கால் விரலைச் சுருக்கிச் சமாளித்தேன். முதியவரின் கவிதை இந்த முறை முழுசாக வந்தது. போரில் எரிந்த ஒரு பள்ளிக்கூடத்தின் வருகைப் பதிவேட்டைப் பற்றியது என்று டாக்டர் எழுதித் தூக்கிக் காட்டினார். பெண்மணி தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் ஊரில் இல்லாத வருடங்கள் எல்லாம் அதில் வரிசையாக வந்தன. இதற்குப் பின்னால் ஹூஸ்டனிலிருந்து ஒருவர் எழுந்து படிக்க வேண்டும்.

அவர் காகிதத்தை எடுத்தார். எனக்கு முன்பே ஆங்கிலத்தில் சொல்லியிருந்ததால் கவிதை தெரியும். அம்மா வீட்டுக்கும் சந்தைக்கும் இடையே ஓடிய பதினோராம் நம்பர் பஸ்ஸைப் பற்றியது. கதவில் தொங்கும் கண்டக்டர், கோழிக் கூடைகள், வெயில். நடுவில் ஒரு வரி வரும்: பஸ் யாருமே நிற்காத நிறுத்தத்தில் நிற்கிறது, யாரோ ஏறிவிட்டதுபோல் கண்டக்டர் "போகலாம்" என்கிறார்.

அந்த வரியைப் படித்துவிட்டு அவர் நிறுத்தினார். ஃபோனைப் பார்த்தார். அங்கிருந்து ஒரு சத்தமும் இல்லை. இருமல்கூட இல்லை. இங்கிருந்து பேசும்போது அங்கே நடப்பது கேட்காது என்று அவருக்கும் இப்போது தெரியும். ஆனால் படிப்பதை நிறுத்தின பிறகும் ஒன்றும் கேட்கவில்லை. அவர் கை காகிதத்தை மடிக்க ஆரம்பித்தது. வரைபட அறையில் துணைத் தலைவரை வரிசையில் நிறுத்துகிற கை அது. விட்டுவிடப் போகிறார் என்று தெரிந்தது.

என் கை தானாக வாயை விட்டு இறங்கியது.

"ஓத்ரா வேஸ்!" என்று கத்தினேன்.

இன்னொரு தடவை என்று அர்த்தம். ஸ்பானிஷில் எனக்குத் தப்பில்லாமல் சொல்ல வருவது அது ஒன்றுதான். நான் போய்க்கொண்டிருந்த ஸ்பானிஷ் மாலை வகுப்பில் ஆசிரியை அந்த வார்த்தையை மற்ற எல்லோரிடமும் சொன்னதைவிட என்னிடம் சொன்னது அதிகம்.

பல் டாக்டர் என்னைப் பார்த்த பார்வையில் நான்கு கடைவாய்ப் பற்கள் பிடுங்கப்பட்டன.

ஃபோனில் கரகரப்பு. "யார் அது?"

"ஒரு இன்ஜினியர்" என்றார் பெண்மணி. "இந்தியாக்காரர்."

"இந்தியாவிலேர்ந்து பேசறாரா?"

"இல்ல, சுகர் லேண்ட்லேர்ந்து வந்திருக்கார். ஃபோன் அவரோடது."

"எதுக்கு மறுபடி படிக்கச் சொல்றார்? மொழி தெரியாதா?"

"தெரியாது. ஆனா அதுக்காகச் சொல்லல." அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "எதுக்குச் சொன்னீங்க?"

எழுந்து நின்றேன். மூன்று நாட்டுக் கவிஞர்களுக்கு முன்னால் நான் ஆற்றிய முதலும் கடைசியுமான உரை அது. எங்கள் பக்கம் கவியரங்கத்தில் ஒரு வரி நன்றாக இருந்தால் அதைத் தாண்டிப் போகக் கவிஞரை விடமாட்டோம், மறுபடி படிக்க வைப்போம் என்றேன். கவிஞர்களும் அதற்காகக் காத்திருப்பார்கள், யாருமே கேட்காவிட்டால் தாங்களாகவே இரண்டாம் முறை படித்துக்கொள்வார்கள், நானெல்லாம் அந்த ரகம் என்பதையும் சொன்னேன். பெண்மணி அதை மொழிபெயர்த்தார். கடைசி வாக்கியத்தை அவர் கொஞ்சம் நீட்டி மொழிபெயர்த்ததாக எனக்குச் சந்தேகம், ஏனென்றால் அறையில் எல்லோரும் சிரித்தார்கள்.

ஃபோனிலும் துண்டு துண்டாக ஏதோ வந்தது. முதியவரின் சிரிப்புதான் அது, எங்கள் சிரிப்பு முட்டி முட்டி அறுந்து வந்தது.

"படி" என்றார். "நானும் இன்னொரு தடவை கேட்கிறேன்."

பெண்மணி அந்த வரியை மறுபடி படித்தார். இந்த முறை குரல் தயங்கவில்லை. இரண்டு தடவை படித்தார், யாரும் கேட்காமலே. பிறகு நேராகக் கடைசி வரிவரை போனார்.

இனி நடந்தது டாக்டர் சீட்டில் எழுதிக் காட்டியதும், பிற்பாடு பெண்மணி சொன்னதும்.

முதியவர் இருமினார். பிறகு, "அந்த பஸ் இப்ப ஓடறதில்ல" என்றார்.

"தெரியும்."

"அந்த ஸ்டாப்பும் இல்ல. தெருவையே எடுத்துட்டாங்க. நீ போனப்புறம் எல்லாம் மாறிப்போச்சு."

"என் கவிதையில ஓடுது."

"அதுதான் பிரச்சினை. ஊர்ல இருக்கறவன் படிச்சா சிரிப்பான்."

"நீ சிரிச்சியா?"

மெக்சிகோ சிட்டிக்காரர் சமாதானமாக ஏதோ சொல்ல வந்தார். "நீ சும்மா இரு" என்று இரண்டு ஊரிலிருந்தும் அடுத்தடுத்துக் கேட்டது.

"சிரிக்கல" என்றார் முதியவர். அப்புறம், இத்தனை வருடமாக ஒரு கடிதம் போட்டுக்கூடக் கேட்காததைக் கேட்டார். "ஏன் சொல்லாமப் போனே?"

பெண்மணி மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார். ஃபோனுக்கு மிக அருகில் குனிந்தார்.

"சொல்லியிருந்தா போகாதேன்னு சொல்லியிருப்பே. நான் இருந்திருப்பேன். நான் அங்க இருந்திருந்தா இன்னிக்கு நீ ஃபோன் பண்ண ஆள் இருந்திருக்காது."

அறையில் யாரும் அசையவில்லை. நானும்தான். யாரும் சொல்லாமலே.

நூலகப் பெண் கதவைத் திறந்து, ஐந்து விரலை விரித்துக் காட்டிவிட்டுப் போனார். ஐந்து நிமிடத்தில் அறையைப் பூட்ட வேண்டும்.

"தபால்ல அனுப்பு" என்றது ஃபோன். "மூணு அனுப்பு. ரெண்டைத் திருப்பி அனுப்புவேன்."

"ஒண்ணுதான் அனுப்புவேன்" என்றார் பெண்மணி. "இதைத்தான்."

முதியவர் பதிலுக்கு ஏதோ சொன்னார். அது எங்களுக்குக் கேட்கவில்லை. அந்த அறுந்த வரிக்கு நான் பொறுப்பல்ல. பல் டாக்டர்தான் மேசையைத் தட்டிக் கத்திவிட்டார்.

மறுநாள் காலை பொள்ளாச்சிப் பேச்சு. நான் கற்ற பாடத்தை வீட்டில் அமல்படுத்தினேன். ஒருவர் பேசும்போது மற்றவர் பேசக் கூடாது, "ம்" கூடக் கூடாது, முடிந்ததும் அடுத்தவர். மனைவி, மகள், நான், வரிசையாக. எங்கள் பக்கம் அமைதியாக இருக்கவும், முதல்முறையாக மாமியாரின் வாக்கியங்கள் முழுசாக விழுந்தன. அதில் ஒன்று மனைவிக்கு: "ஏம்மணி, அங்க எல்லாரும் நல்லாத்தானே இருக்கீங்க? மாப்ளைக்கு ஒடம்புகிடம்பு சரியில்லையா? யாருமே பேச மாட்டேங்கறீங்களே!" அவர் அழ ஆரம்பித்துவிட்டார். உடனே நாங்கள் மூன்று பேரும் ஒரே சமயத்தில் பேசி அவரைத் தேற்றினோம். அதன்பின் அந்தச் சட்டம் வாபஸ்.

சில மாதங்கள் கழித்து ஒரு மதியம், வரைபட அறைக்கு வரச்சொல்லி எனக்கு அழைப்பு. போனபோது பெண்மணி ஒரு தடித்த புத்தகத்தை விரித்து வைத்து, அதன் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார். கொண்டையில் பென்சில் இல்லை, கையில் இருந்தது. முகத்தில் சந்தோஷத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை.

"வந்துடுச்சா மேடம்? நீங்க இருக்கீங்களா?"

"இருக்கேன். பாருங்க."

பார்த்தேன். அவர் பெயர். பிறந்த ஊர். கவிதை. ஒரு வரி விடாமல். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஏதோ ஒன்று. ஒரு நட்சத்திரக் குறி போட்டு, பஸ் வருகிற வரியில் அதற்கு ஜோடி நட்சத்திரம்.

"என்ன போட்டிருக்கு?"

"'இந்தப் பேருந்து இப்போது ஓடுவதில்லை. தொகுப்பாசிரியர்.'" பென்சிலால் அந்த இடத்தைக் குத்தினார். "முன்னாடி பின்னாடி புரட்டிப் பாருங்க. வேற எவன் கவிதைக்காவது அடிக்குறிப்பு இருக்கா?"

புரட்டினேன். நானூறு பக்கத்துக்கு மேல் இருக்கும். எத்தனையோ கவிஞர்கள், மரங்கள், நதிகள், தெருக்கள். அவற்றில் எத்தனை இப்போது இருக்கின்றனவோ. அடிக்குறிப்பு வேறு எங்குமே இல்லை.

"மேடம், என் பத்திரிகை ஆசிரியர் எனக்கு இப்படி ஒரு அடிக்குறிப்பு போட்டா நான் ஃப்ரேம் போட்டு மாட்டிக்குவேன்."

"உங்க கவிதைக்கு அடிக்குறிப்பு வேண்டாம், இன்ஹெனியேரோ. சிக்னல் வெச்சாப் போதும்."

அவர் அறைச் சுவரில் மாட்டியிருந்த ஃபோனை எடுத்தார். எண்ணைப் பார்க்காமலே அழுத்தினார். வெளிநாட்டு எண், அவ்வளவு நீளம், மனப்பாடம். அதற்குள் எத்தனை தடவை பேசியிருக்கிறார்கள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அந்தப் பக்கம் எடுத்ததும் வணக்கம் எதுவும் இல்லை, நேராகச் சண்டைதான். என் மாலை வகுப்பு ஸ்பானிஷுக்கு அதில் கால்வாசிதான் பிடிபட்டது. பஸ் என்ற வார்த்தை பலமுறை வந்தது. பொய்யன் என்பதும் வந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கத்துக் குரல் ரிசீவரைத் தாண்டி எனக்கே கேட்டது. இருவரும் ஒரே சமயத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு வார்த்தைகூட விழாமல் போனதாகத் தெரியவில்லை.

வாசலில் வரைபடத்துக்காக இரண்டு மேனேஜர்கள் வந்து நின்றார்கள். அவர் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் சொன்னார்: "ரெண்டாம் பதிப்புல எடுத்துடறேங்கிறான்."

"நல்லதுதானே மேடம்?"

"எடுக்கவே கூடாது. அதுக்குக் கீழே என் பதிலும் வரணும்னு சொல்லிக்கிட்டிருக்கேன்." மேனேஜர்களைப் பார்த்தார். "அவங்களை அரை மணி நேரம் கழிச்சு வரச் சொல்லுங்க. போகும்போது கதவைச் சாத்திட்டுப் போங்க."